இரண்டாவது செருப்பு

என் மனைவி கிருஷ்ணவேணியின் இடது குதிகாலில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் விலைச்சீட்டு குத்தியிருந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். சேலையில் குத்தியிருந்த சீட்டு குண்டூசியோடு கழன்று கடை விரிப்பில் விழுந்திருக்கிறது. அதை மிதித்துவிட்டு, காலை பத்து மணியிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை அவள் சேலை எடுத்துப்போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"வேணி, காலுக்கு வெல போட்டுக்கினு நடக்கிறியே," என்றேன்.

"எவ்ளோ போட்டிருக்குது?"

"பதினெட்டு ஐநூறு."

"அவ்ளோதானா?" என்று காலைத் தூக்கிப் பார்த்தாள். வலிக்கவே இல்லையாம். பதினாலு வருஷத்துச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய் நாளாகிறது. ஊசியைப் பிடுங்கினாள். சீட்டின் ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு அதே சேலையில் திரும்பக் குத்தினாள். அரக்கு நிறச் சேலை. அந்த வாரமே விற்றுப்போனது. பதினாறுக்கு.

எங்கள் கடை, பெரிய பட்டுக்கடைகள் இருக்கும் காந்தி ரோட்டில் இல்லை. காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. சந்துக்கடைக்கு ஆள் தானாக வராது. கோயில் பார்த்து முடித்த வெளியூர்க் குடும்பங்களை ஆனந்தராஜ் தன் ஆட்டோவில் ஏற்றிவந்து எங்கள் வாசலில் இறக்குவான். "நெசவாளிகிட்டயே நேரா வாங்கலாம்மா" என்று சொல்லித்தான் இறக்குவான். நான் தறியைத் தொட்டு முப்பது வருஷமாகிறது. விற்கும் விலையில் நூற்றுக்குப் பன்னிரண்டு அவனுக்கு. அதை என் கையிலிருந்து நான் கொடுப்பதில்லை, சேலையில் ஏற்றிவைத்திருப்பேன். வாங்குகிறவர் தன்னைக் கூட்டிவந்த கூலியைத் தானே எனக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் ஆட்டோவுக்கும் தனியாகக் கொடுத்துவிட்டு, நேராக நெசவாளியிடம் வாங்கிய சந்தோஷத்தோடு போவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கடைக்குள் செருப்போடு வரக் கூடாது. பட்டுக்கு மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. விலை படியாமல் எழுந்து போகிறவர் வாசலில் நின்று செருப்பு மாட்ட வேண்டும் அல்லவா, அந்த நேரம் எங்களுக்கு வேண்டும். முதல் செருப்பு மாட்டும்போது கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், இவன் இன்னும் இறங்குவான் என்று தெரிந்துவிடும். இரண்டாவது செருப்புக்குள் கட்டைவிரல் நுழைகிற சமயம் கூப்பிட வேண்டும். அதற்கும் மேலே விட்டால் ஆள் எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பார். கூப்பிடுவது வேணியின் வேலை. "இங்க வாம்மா, மூஞ்ச ஏன் அப்டி வெச்சிக்கினு போறே" என்று ஒரு குரல் கொடுப்பாள். அதற்குத் திரும்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

குதிகால் புண் மூன்று வாரமாக ஆறவில்லை. தெருக்கோடி டாக்டர் மருந்து மாற்றி மாற்றிக் கட்டினார். கால் சுண்டுவிரல் கறுக்கத் தொடங்கியதும், "காலுக்கு ரத்தம் போவுதான்னு பெரிய எடத்துல பாத்துடுங்க" என்று கையைக் கழுவினார். ஆனந்தராஜின் ஆட்டோவில்தான் போனோம்.

"பைபாஸ் பக்கம் புதுசா ஒண்ணு வந்துக்கீது மொதலாளி. காலுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காரு. அங்கயே போலாம்," என்றான்.

அந்த ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, காலைப் பற்றியதல்ல. "இன்சூரன்ஸா, கேஷா?" என்று வாசல் மேஜையில் இருந்த பெண் கேட்டாள். எனக்குத் தொழில் ஞாபகம் வந்தது. எங்கள் கடையிலும் ஆள் உட்கார்ந்ததும், "கல்யாணத்துக்கா, சும்மா கட்டிக்கவா?" என்றுதான் கேட்போம். பதிலைப் பொறுத்து எந்த அலமாரியைத் திறப்பது, எந்த விலையில் ஆரம்பிப்பது என்று முடிவாகிவிடும். கேஷ் என்றேன். போன வருஷம் பாலிசிக்காரன் பிரீமியத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினான். நான் பேரம் பேசிப் பார்த்தேன், அவன் பேசவில்லை. கட்டாமல் விட்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, பலூன் விட்டுத் திறந்தால் பாதத்துக்கு ரத்தம் போகும், காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

"எப்ப பண்ணணும் டாக்டர்?"

"இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. தள்ளிப்போட வேணாம்."

விலையை அவர் சொல்லவில்லை. எங்கள் கடையிலும் நெய்தவன் விலை சொல்வதில்லை. அதற்கு ஒரு கண்ணாடி அறை இருந்தது, அதற்குள் அருள் என்றொரு பையன் இருந்தான். டை கட்டியிருந்தான். ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தான். மூன்று லட்சத்து இருபதாயிரம்.

"தம்பி, இது மொத வெலயா, கடேசி வெலயா?"

"எஸ்டிமேட் அங்கிள்."

"அப்ப மொத வெல."

அவன் சிரித்துவிட்டான். "அங்கிள் பட்டு யாவாரமா?"

"எப்டி கண்டுபுடிச்சே?"

"எங்கப்பா ஐயம்பேட்டைல தறி வெச்சிருந்தாரு. உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட சேலய எடுத்துக்கினு வந்து குடுத்துட்டு, வெலய கொறச்சுக்கினு வருவாரு."

பரம்பரைக் கணக்கு வேறு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தாளில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்தேன். பலூன் இரண்டு, எண்பத்தாறாயிரம்.

"பலூன் கொள்மொதல் எவ்ளோ தம்பி?"

"டப்பாவுலயே எம்ஆர்பி போட்டிருக்கும் அங்கிள்."

"எங்க கடைலயுந்தான் போட்டிருக்குது. ஸ்டிக்கர் நான்தானே அடிக்கிறேன்."

அவன் கதவைப் பார்த்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டான். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மெஷின் லோன்ல வாங்கினது, மாசாமாசம் கட்டணும். படுக்கை காலியா கெடந்தாலும் ஏசி, நர்சு, எல்லாம் ஓடிக்கினுதான் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி ஆறு மாசம் இழுத்து, அதுலயும் வெட்டிட்டுத்தான் குடுப்பான். அந்த வெட்டு யார் மேல ஏறும்? கேஷ் குடுக்கறவங்க மேல. டாக்டருக்கு மாசத்துக்கு இத்தினி கேஸ்னு கணக்கு இருக்குது. கேஸ் கூட்டிக்கினு வர்றவங்களுக்குத் தனி. எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சத்துலதான் அங்கிள் வைத்தியம்."

இதைவிடத் தெளிவாக என் தொழிலை யாரும் எனக்கு விளக்கியதில்லை. தாளின் கீழ் மூலையில், 'ரெஃபரன்ஸ்' என்ற கட்டத்தில் ஏ.என். பதினாலு என்று எழுதியிருந்தது. எங்கள் விலைச்சீட்டு மூலையிலும் இப்படி இரண்டு எழுத்து இருக்கும். வந்தவருக்கு அது ஏதோ நம்பர், எங்களுக்கு அதுதான் கொள்முதல். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். ஆனந்தராஜ் வேணியின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கோபம் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டைவிட அதிகமா, குறைவா என்றுதான் தோன்றியது.

இரண்டு லட்சம் என்றேன். அருள் யாரிடமோ போனில் பேசிவிட்டு இரண்டு தொண்ணூறு என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வேணியின் கட்டிலுக்கு வந்தேன். எங்கள் மகள் அபிநயா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ சொல்றான்?" என்றாள் வேணி.

"மூணு இருவதுல ஆரம்பிச்சான். ரெண்டு தொண்ணூறுக்கு வந்திருக்கிறான்."

"எவ்ளோ நேரத்துல?"

"ஒரு போன்ல."

வேணி எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு போனுக்கே முப்பது எறங்குறான்னா அடியில இன்னும் இருக்குதுங்க. எழுந்துருங்க, போலாம். கூப்புடுவான்."

"அம்மா, இது இன்னா சேலையாம்மா?" என்று அபிநயா கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதடி. இது உன் கல்யாணத்துக்கு வெச்சிருக்கிற காசு. அள்ளிக் குடுத்துட்டு உன்ன வெறுங்கையோட அனுப்பறதா?"

"எனக்குக் கல்யாணமே வேணாம்."

"இதையேதான் எல்லாப் பொண்ணுங்களும் சேலை எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க."

நான் போய் அருளிடம், "சரி தம்பி, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்றேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தான். டாக்டர் சொல்லைக் கேட்காமல் சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று எழுதியிருந்தது. எஸ்தர் என்ற நர்ஸ், கையெழுத்து போட வேண்டிய மூன்று இடங்களைக் காட்டினாள். மெதுவாகப் போட்டேன். என் பெயர் கோதண்டபாணி. அவசரமில்லாமல் எழுதினால் நேரம் பிடிக்கிற பெயர்தான். யாரும் தடுக்கவில்லை.

வார்டு வாசலில் செருப்பு அலமாரி இருந்தது. என் செருப்பை எடுத்துக் கீழே போட்டேன். வலது காலை நுழைத்தேன். வேணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். உள்ளேயிருந்து, "நெக்ஸ்ட் யாரு?" என்று அருளின் குரல் கேட்டது. வேறு யாரோ உள்ளே போனார்கள். நிமிர்ந்து கட்டைவிரலை நுழைத்தேன்.

"போட்டுக்கங்க," என்றாள் வேணி. "போன்ல கூப்புடுவான்."

ஆட்டோவில் ஆனந்தராஜ் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பேசினான். "மொதலாளி, பேசாம சேத்துடு. எங்க பெரியம்மாவுக்கு இதே மாரிதான். நாளு தள்ள வேணாம். காசு பாக்காத மொதலாளி."

எங்கள் கடையிலிருந்து வெறுங்கையோடு கிளம்பும் குடும்பங்களிடம் அவன் இப்படித்தான் பேசுவான் என்று எனக்குத் தெரியும். "நல்ல சரக்கும்மா, விட்டுட்டுப் போறீங்களே" என்று அவர்கள் பஸ் ஏறும்வரை விடமாட்டான். விற்றால்தான் அவனுக்குப் பன்னிரண்டு.

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா," என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் போனை வேணியின் தலைமாட்டில் மல்லாக்க வைத்தோம். சனிக்கிழமை ஒரு கடன் கம்பெனியும், ஒரு பட்டு நூல்காரரும் கூப்பிட்டார்கள். வேணி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கடைக் கதைகள் பேசினாள். மூன்றாம் நாள் திரும்பி வந்து, முதல் நாள் சொன்ன விலைக்கே வாங்கிப் போன ஒரு ஆம்பூர் அம்மாளைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். "தானா வந்து நின்னா. ஒத்த ரூபா கொறச்சனா நானு?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கட்டுக்கு மேலே கணுக்கால் பளபளவென்று வீங்கியிருந்தது. அபிநயா ஆட்டோவைக் கூப்பிடக் கிளம்பினாள்.

"அங்கயே போலாம்ப்பா. இல்லன்னா செங்கல்பட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. எங்கயாவது போலாம்."

"நாளைக்குக் காலைல திங்கக்கெழம. ஆபீஸ் தொறந்ததும் அவனே கூப்புடுவான்," என்றேன்.

"கூப்புடலன்னா?"

"நாமளா போய் நின்னா வெல ஏறிடும்மா."

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை. வேணி கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா சொல்றது சரி" என்றாள். மாத்திரை கொடுத்தோம், காய்ச்சல் இறங்கியது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்தக் கால் அவளிடம் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை பதினொன்றே காலுக்குப் போன் வந்தது.

"அங்கிள், அருள் பேசறேன். மேனேஜ்மெண்ட்ல பேசிட்டேன். ரெண்டு நாப்பது. இதுக்குக் கீழ என்னால ஆவாது."

போனைப் பொத்திக்கொண்டு வேணியிடம் சொன்னேன். எண்பதாயிரம் இறங்கியிருந்தது. உதடெல்லாம் காய்ந்துபோயிருந்தவள், வலது கையை நீட்டினாள். பெரிய வியாபாரம் முடிந்தால் நாங்கள் கையைத் தட்டிக்கொள்வது வழக்கம். தட்டினேன். கை கொதித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்ததும் எஸ்தர் ஜன்னலைத் திறந்தாள். டாக்டர் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார், இன்னும் மேலே அழுத்திப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூட்டிவந்தார். சீழ் மேலே ஏறிவிட்டது, பலூன் இனிமேல் பிரயோஜனமில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இன்றைக்கே, இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்.

"வெள்ளிக்கெழமயே பண்ணியிருந்தா கால் நின்னிருக்குமா டாக்டர்?"

"சொல்ல முடியாது சார்."

"பரவால்ல, சொல்லுங்க."

"நெஜமாவே சொல்ல முடியாது. காப்பாத்தியிருக்கலாம். அப்பவும் போயிருக்கலாம்."

எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே அவர் மனசிலிருக்கும் கடைசி விலையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஊரில் பெயர். அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

கண்ணாடி அறையில் அருள் புதுத் தாளைத் திருப்பி வைத்தான். ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அவனே பேனாவை எடுத்து ஒன்று இருபது என்று திருத்தினான். கேட்காமலேயே ஒருவன் இறங்கியதை என் தொழிலில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையெழுத்து போட்டேன். இந்த முறை சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் வார்டுக்கு ஆனந்தராஜ் வந்தான். வேணியின் போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்ததைப் பார்க்காமல் இருக்க, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் கையில் வைத்தான்.

"இன்னாப்பா இது?"

"அவங்க குடுத்தாங்க மொதலாளி. நான் கேக்கல. கேஸ் கூட்டிக்கினு வந்தா குடுப்பாங்க. எனக்கு வேணாம்."

"எவ்ளோ?"

"ஆறாயிரம்."

"ஒண்ணு இருவதுக்கு ஆறா? அஞ்சு பர்சன்ட்தானா?"

"எல்லாருக்கும் அவ்ளோதான்."

"நான் பன்னெண்டு தர்றேன்டா."

"அதுக்காகத்தான் மொதலாளி உன் கடைக்கு வர்றேன்," என்றான். கேலியாகச் சொல்லவில்லை. பிறகு, "அன்னிக்கு நெஜமாத்தான் சொன்னேன். பெரியம்மா கதை நெஜம்" என்றான்.

"தெரியும்," என்றேன். அப்போதுதான் தெரிந்தது.

கவரைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். கை கொடுக்கவில்லை. திரும்பி வந்த கமிஷனை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் என் கைக்கு இல்லை. படுத்திருந்த வேணி, "வாங்கி வைங்க" என்றாள். "எனக்கு செருப்பு வாங்கணும். ஒத்தக் காலுக்குத்தானே, பாதி வெலைக்குத் தருவானா கேளுங்க."

ஆனந்தராஜ் வெளியே போய்விட்டான். நானும் அவளும் சிரித்தோம். அபிநயா சிரிக்கவில்லை.

புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. வேணி இப்போது கடையில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். விரிப்பில் ஊசி கிடக்கிறதா என்று தினமும் காலையில் காந்தத்தை இழுத்துப் பார்க்கிறேன்; நாலைந்து கிடைக்கிறது. ஆட்கள் எழுந்து போகிறார்கள், வாசலில் செருப்பு மாட்டுகிறார்கள். வேணி சில பேரைக் கூப்பிடுகிறாள். சில பேரைக் கூப்பிடாமல் அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறாள். ஏன் விட்டாய் என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் செயற்கைக் கால் பொருத்துகிற இடத்தில் அளவெடுத்தார்கள். அங்கிருந்தவர், "அடுத்த வாட்டி வரும்போது செருப்பு எடுத்துக்கினு வாங்கம்மா. பின்னால பட்டை வெச்சது, ரெண்டு காலுக்கும்" என்றார்.

"ரெண்டுக்குமா?" என்றாள் வேணி. பிறகு என் பக்கம் திரும்பி, "பாதி வெல போச்சு" என்றாள்.

மறுநாள் நான் மட்டும் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு செருப்புக் கடை. ஆனந்தராஜின் கவரைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதுவரை பிரிக்கவில்லை. காப்பி நிறத்தில், பின்பட்டை வைத்த ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்கள். அறுநூற்று ஐம்பது. கவரில் ஆறாயிரம் இருக்கிறது. கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நின்றேன்.

"நானூறு போட்டுக்கப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கட்டாது சார். லெதரு. கம்பெனி சரக்கு."

"அப்ப விடு."

செருப்புக் கடையிலும் உள்ளே போகச் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். வாசலுக்கு வந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. வலது செருப்பை மாட்டினேன். பஸ் ஒன்று ஐயம்பேட்டை ஐயம்பேட்டை என்று கத்திக்கொண்டு போயிற்று. இடது செருப்புக்குள் கட்டைவிரலை நுழைத்தேன்.

"சார், இங்க வாங்க சார்," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "ஐநூறு குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

விரல் பாதி நுழைந்தபடி அப்படியே நின்றேன். கடைக்காரர் இன்னொரு முறை கூப்பிட்டார்.